'சொல்லு... சொல்லு...' என்று கேட்பதை நிறுத்திப் பாருங்கள்: குழந்தையின் ஸ்பீச் தெரபிக்கு வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம்?

எங்க அக்கா பையனுக்கு இரண்டேகால் வயது இருக்கும்போது வீட்டுக்கு ஒரு ஃபிளாஷ் கார்டு பெட்டி வந்தது. ஆப்பிள், யானை, பேருந்து, மிதிவண்டி என்று 50 அட்டைகள். "தினமும் அரை மணி நேரம் பிராக்டிஸ் கொடுங்க" என்று ஸ்பீச் தெரபி சென்டரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவுக்கு ஐ.டி. வேலை. இரவு 8 மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு அட்டையை எடுப்பாள். "இது என்ன? சொல்லு... யா... யா... யானை. சொல்லுடா கண்ணா." பத்தாவது நாள், அந்தப் பெட்டியைப் பார்த்தாலே அவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அப்போது அவனிடம் இருந்தவை நான்கு சொற்கள். அம்மா, பா, காக்கா, டாட்டா. ஐந்தாவது சொல் அட்டைப் பெட்டியிலிருந்து வரவில்லை. எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை, தெரபிக்குப் போய்க்கொண்டிருக்கும் அல்லது போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு. தெரபிக்குப் பதிலாக வீட்டு வைத்தியம் சொல்வது நோக்கம் இல்லை. தெரபி அறைக்கு வெளியே இருக்கும் நேரத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

வாரத்தில் ஒன்றரை மணி நேரம் போதுமா?

ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு செஷன், ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கிறது. வாரத்துக்கு 84 மணி நேரம். மீதி எண்பத்துச் சொச்சம் மணி நேரம் யாரிடம்? நம்மிடம்தான்.

அதனால்தான் குழந்தைகளின் மொழி வளர்ச்சிக்கான சிகிச்சை, பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதை நோக்கி நகர்ந்தது. கனடாவில் 1975ல் தொடங்கிய ஹானன் திட்டம் இதில் முன்னோடி. பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வீட்டில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2011ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மேகன் ராபர்ட்ஸ், ஆன் கைசர் இருவரும் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோர் தரும் உதவி, குழந்தைகளின் மொழியில் தெளிவான முன்னேற்றம் தருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

கவனியுங்கள், 'பயிற்சி பெற்ற' பெற்றோர். அக்காவின் முதல் சென்டரில் கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். 45 நிமிடம் கழித்துக் கதவு திறக்கும். "இன்னிக்கு நல்லா பண்ணினான்" என்பார்கள். என்ன பண்ணினான் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு எப்படி வீட்டில் செய்வது?

முதலில் காது

வீட்டுப் பயிற்சிக்குப் போகும் முன் ஒரு கேள்வி. குழந்தையின் காதைச் சோதித்துவிட்டீர்களா? "டிவி போட்டா ஓடி வர்றான், காதெல்லாம் நல்லா கேக்குது" என்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. சில ஒலிகள் மட்டும் கேட்காமல் போகலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் கேட்பது மங்கலாகலாம். ஒரு காதில் மட்டும் குறை இருக்கலாம். ஓ.ஏ.இ., பெரா என்ற இரண்டு சோதனைகளும் வலி இல்லாதவை, குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். பேச்சு தாமதம் என்று போனால் நல்ல தெரபிஸ்ட் முதலில் கேட்பதே இந்த ரிப்போர்ட்டைத்தான்.

"ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க"

இதை எல்லா வீட்டிலும் ஒரு பெரியப்பா சொல்வார். சராசரியில் ஆண் குழந்தைகள் கொஞ்சம் பிந்திப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது, வருடக்கணக்கில் காத்திருக்கும் அளவுக்கு இல்லை. தாமதமாகப் பேசும் குழந்தைகளில் கணிசமானோர் தானாகவே சரியாகிவிடுவதும் உண்மை. சிக்கல் என்னவென்றால், உங்கள் குழந்தை அதில் ஒன்றா என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, சொற்கள் இல்லை, இரண்டு வயதில் 'பால் தா', 'அப்பா போயாச்சு' போல இரண்டு சொல் சேரவில்லை என்றால் போய்க் காட்டிவிடுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்கள் எந்த வயதிலாவது காணாமல் போனால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே. நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதைத் தேய்த்துப் பார்த்துக் கழியும் ஆறு மாதம்தான் உண்மையான இழப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சு தாமதம் என்றதும் பழி விழுவது அம்மா மேல்தான். "வேலைக்குப் போயிட்டா, பேச ஆளில்ல, அதான்." வேலைக்குப் போகாத அம்மாவாக இருந்தால், "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா." இரண்டும் அபத்தம். ஒரே வீட்டில் அதே அம்மாவிடம் வளரும் இரண்டு குழந்தைகளில் ஒன்று சீக்கிரம் பேசும், இன்னொன்று பேசாது. பெற்றோரால் பேச்சுக்கு உதவ முடியும் என்பதற்கு, பெற்றோரால்தான் பேச்சு வரவில்லை என்று அர்த்தம் கிடையாது.

அந்தக் குளியலறை வீடியோ

அக்கா தெரபிஸ்ட்டை மாற்றினாள். புதியவர் கேட்ட முதல் விஷயம்: "அவனைக் குளிப்பாட்டும்போது மூன்று நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வாங்க." எடுத்துப் போனாள். அதைப் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கே அதிர்ச்சி. மூன்று நிமிடத்தில் அக்கா 31 கேள்விகள் கேட்டிருந்தாள். இது என்ன? கலர் என்ன? வாத்து எப்படிக் கத்தும்? சோப் எங்க? அவன் பதில் சொல்ல அவள் கொடுத்த இடைவெளி, ஒவ்வொரு முறையும் ஒரு நொடிகூட இல்லை.

தெரபிஸ்ட் திட்டவில்லை. "நாம எல்லாருமே இப்படித்தான். கேள்வி கேட்டா பேசுவாங்கன்னு நினைக்கிறோம்" என்றார். பேசத் தெரியாத குழந்தைக்குக் கேள்வி என்பது பரீட்சை. விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று நிறுத்துகிறோமே, அதே கதை.

அவர் கொடுத்த 'ஹோம் ஒர்க்' ஒன்றே ஒன்று. குளியலில் மக்கில் தண்ணீரை எடுத்து, அவன் தலைக்கு மேலே பிடித்து, அவன் கண்ணைப் பார்த்தபடி மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். அவன் பார்த்தாலும், கையை நீட்டினாலும், ஏதாவது சத்தம் கொடுத்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு 'ஊத்து!' என்று நீங்கள் சொல்லி ஊற்றுங்கள்.

பத்து நொடி என்பது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். வாய் துறுதுறுக்கும். முதல் இரண்டு நாள் அவன் சும்மா பார்த்தான். மூன்றாம் நாள் 'ஊ' என்றான். அடுத்த வாரம் 'ஊத்து'. அதற்குப் பிறகு சாம்பார், காபி, டிராயரில் இருக்கும் பொம்மை எல்லாவற்றுக்கும் 'ஊத்து'தான். ஐந்தாவது சொல் வந்த இடம் இதுதான்.

கேள்விக்குப் பதிலாக என்ன பேசுவது?

குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைச் சொல்லுங்கள். நீங்கள் காட்ட நினைப்பதை அல்ல. அவன் ஜன்னல் வழியே நாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "இங்க பாரு, ஆப்பிள்" என்றால், சொல் ஒரு பக்கம், கவனம் ஒரு பக்கம். "நாய். நாய் ஓடுது" என்று அவன் பார்வையின் பின்னாலேயே போங்கள். தரையில் உட்காருங்கள். உங்கள் முகமும் அவன் முகமும் நேருக்கு நேர் இருந்தால்தான் உதடு எப்படி மூடுகிறது, நாக்கு எங்கே போகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

வாக்கியம் எவ்வளவு நீளம்? ஒரு எளிய கணக்கு: குழந்தை பேசுவதைவிட ஒரு சொல் கூட. அவன் 'காரு' என்றால் நீங்கள் 'காரு போகுது'. அவன் 'காரு போகுது' என்றால் நீங்கள் 'அப்பா காரு போகுது'. திரும்பச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கேட்டாலே போதும். பேச்சு வராத குழந்தையும் உள்ளே சேமித்துக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால் "என்ன வேணும்?" என்று மொட்டையாகக் கேட்காமல், இரண்டையும் கையில் காட்டி "பாலா, தண்ணியா?" என்று கேளுங்கள். விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது, அவன் எடுத்துக்கொள்ளலாம்.

கேட்பதற்கான தேவையையும் உருவாக்க வேண்டும். நம் வீடுகளில், முக்கியமாகத் தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில், குழந்தை முனகும் முன்பே பால் வந்துவிடும். பாசம்தான், தப்பில்லை. ஆனால் கேட்காமலே எல்லாம் கிடைக்கும்போது கேட்பானேன்? முறுக்கு டப்பாவை மூடி இறுக்கமாகப் போட்டு அவன் கையில் கொடுங்கள். முழு முறுக்கைக் கொடுக்காமல் துண்டாகக் கொடுங்கள். 'இன்னும்' வரட்டும். அழும் வரை இழுக்கக் கூடாது. அழுதால் அன்றைய பாடம் முடிந்தது, டப்பாவைத் திறந்து கொடுத்துவிடுங்கள்.

எந்தச் சொற்கள் முதலில்?

இங்கேதான் கார்டுப் பெட்டிகள் தோற்கின்றன. யானை என்ற சொல்லால் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் என்ன கிடைத்துவிடும்? 'தா', 'வா', 'போ', 'வேணாம்', 'இன்னும்', 'தொற', 'தூக்கு', 'போதும்' இவற்றால் உலகத்தையே நகர்த்தலாம். தமிழ் இந்த விஷயத்தில் கருணையான மொழி. தா, வா, போ எல்லாம் ஓரெழுத்துக் கட்டளைகள். அதோடு நம் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. "பந்தை உருட்டு" என்றால் காதில் கடைசியாக நிற்பது 'உருட்டு'. அந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லி, அதே நேரத்தில் செய்தும் காட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் என்ன சொல்கிறீர்களோ அதையே சொல்லுங்கள். தண்ணீர் இல்லை, தண்ணி. மிதிவண்டி இல்லை, சைக்கிள். வீட்டில் ஒருவர்கூடச் சொல்லாத சொல்லை ஒரு அட்டைக்காகக் குழந்தை ஏன் கற்க வேண்டும்?

பாட்டி வைத்திருக்கும் தெரபி கிட்

உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று சோறு ஊட்டி, பிறகு விரல்களை நண்டுபோல நடக்கவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஒரு பேச்சு சிகிச்சையாளர் தேடும் எல்லாமே அதில் இருக்கிறது. முகம் பார்த்தல், ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருதல், அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பு, கடைசியில் சிரிப்பு.

நாம் செய்ய வேண்டியது ஒன்றே. நண்டு அக்குளுக்குப் போகும் முன் நிறுத்துங்கள். காத்திருங்கள். அவன் நெளிவான், உங்கள் கையை இழுப்பான், 'ஈ' என்பான். அதுவே பேச்சின் முதல் படி. தெரிந்த பாட்டில் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டுப் பார்ப்பதும் இதே உத்தி. பாட்டியிடம் "கார்டு காட்டுங்க" என்று சொல்வதைவிட, "நண்டு விளையாடும்போது கடைசியில் நிறுத்துங்க" என்று சொல்வது எளிது. எங்கள் வீட்டில் பாட்டி இதில் அக்காவைவிடத் தேறிவிட்டார்.

உச்சரிப்பு தவறினால் திருத்தலாமா?

பேசுகிறான், ஆனால் புரியவில்லை என்பது வேறு வகைப் பிரச்னை. ப, ம, த போன்ற ஒலிகள் சீக்கிரம் வரும். ர, ற, ழ தாமதமாகத்தான் வரும். மூன்று வயதில் ரயில் 'லயில்' ஆவதற்குப் பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டுப் பையனுக்கு இப்போது நான்கு வயது, இன்னும் லயில்தான். ழ பற்றிச் சொன்னால், பெரியவர்களே பாதிப் பேர் ஃபெயில். ஆனால் நான்கு வயதில் வெளியாள் ஒருவருக்குக் குழந்தையின் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் காட்டுங்கள்.

"லயில் இல்ல, ர-யில் சொல்லு" என்பது வேலைக்கு ஆகாது. "ஆமா, ரயில்! பெரிய ரயில் வருது" என்று சரியான வடிவத்தை நீங்கள் சொல்லிவிட்டு நகருங்கள். தெரபிஸ்ட் ஒரு குறிப்பிட்ட ஒலிக்குப் பயிற்சி கொடுத்திருந்தால், அது தனி ஒலி, அசை, சொல், வாக்கியம் என்று படிப்படியாகப் போகும். குழந்தை எந்தப் படியில் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறதோ அதைத்தான் வீட்டில் செய்ய வேண்டும். தவறாகச் சொல்வதையே நூறு முறை சொல்லவைத்தால் தவறுதான் பழகும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு தடவை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்று மொத்தமாகப் பிடித்து உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பலூன் ஊது, மெழுகுவர்த்தி ஊது, விசில் அடி என்று ஹோம் ஒர்க் வருகிறதா? ஒலிகள் தெளிவாக இல்லாத குழந்தைக்கு ஊதுவதால் உச்சரிப்பு சரியாகும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. எதற்காக என்று தைரியமாகக் கேளுங்கள்.

திக்குவாய்க்கு ஒரு வரி. "மெதுவா சொல்லு, மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்று குறுக்கிடாதீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அவன் முடிக்கும் வரை காத்திருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேச முகத்தைச் சுளித்துச் சிரமப்பட்டாலோ தெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

தமிழா, இங்கிலீஷா?

"கன்ஃப்யூஸ் ஆகுறான், வீட்டுல ஒரே மொழி பேசுங்க" என்ற அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்கூலுக்குப் போகணுமே என்று அந்த ஒரே மொழியாக இங்கிலீஷைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் கதை அளக்கவும் வருமோ, அதில் பேசுங்கள். தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் 'கம்', 'சிட்', 'ஈட்' என்று மட்டும் கேட்டு வளரும் குழந்தைக்குக் கிடைக்கும் மொழி ரொம்பக் கொஞ்சம். வீட்டில் இரண்டு மொழி என்றால், சொற்களை எண்ணும்போது இரண்டையும் கூட்டித்தான் எண்ண வேண்டும்.

மொபைல் பற்றி, சுருக்கமாக

2019ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதுவும் குறைந்தால் நல்லது. யாரும் பார்க்காமல் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தாலும் பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைகிறது. முதலில் அதை அணையுங்கள். அதே சமயம், வாட்ஸ்அப்பில் வரும் 'வர்ச்சுவல் ஆட்டிசம்' என்பது மருத்துவ வகைப்பாட்டில் இருக்கும் நோயறிதல் அல்ல. போனைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

படம் காட்டினால் பேச மாட்டானா?

பேச்சு வர ரொம்பச் சிரமப்படும் குழந்தைகளுக்குப் படங்கள், சைகைகள், டேப்லெட் ஆப் வழியே பேச தெரபிஸ்ட் சொல்லலாம். "இதுக்குப் பழகிட்டா வாயைத் திறக்கவே மாட்டானே" என்று பல வீடுகளில் அந்த அட்டைகள் பீரோவுக்குள் போய்விடுகின்றன. ஆய்வுகள் அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் தலையில் அடித்துக்கொள்ளும் குழந்தைக்கு, வயிற்றைக் காட்டும் ஒரு படம் எவ்வளவு பெரிய விஷயம்!

தெரபிஸ்டிடம் எதைக் கேட்பது, எங்கே போவது?

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர்களுக்கு சி.ஆர்.ஆர். எண் இருக்கும், கேட்டால் சொல்ல வேண்டும். செஷனில் உடன் உட்காரலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால், கடைசிப் பத்து நிமிடமாவது உள்ளே அழைத்து, இன்று செய்ததை உங்களைச் செய்யவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்கு ஒரே ஒரு இலக்கு, அதை எந்த வேலையின்போது செய்வது, இவை இரண்டும் தெரியாமல் வெளியே வராதீர்கள்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் அரசு வழி இருக்கிறது. 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட இடையீட்டு சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. கேட்கும் திறன் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு வழியாகவும் போகலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், மைசூருவில் 1965 முதல் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் இருக்கின்றன. காது கேளாமை உறுதியானால், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது.

முதல் நாள் போகும்போது குழந்தை புது இடத்தில் வாயே திறக்காது, "வீட்டுல நல்லா சத்தம் போடுவான் டாக்டர்" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதனால் சாப்பிடும்போதும் விளையாடும்போதும் இரண்டு இரண்டு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கேமராவுக்காக எதையும் சொல்லச் சொல்லாமல்.